கடலே இல்லாத கள்ளக்குறிச்சியில் ஒரு கப்பல்!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. "அவன்கிட்ட வெச்சுக்காத, சரியான எம்டன்!" என்று யாராவது சொல்வது காதில் விழலாம். நீங்களே சொல்லியிருப்பீங்க. ஒருபக்கம் கல்வராயன் மலை, கடலைப் பார்க்கணும்னா புதுச்சேரி வரைக்கும் பஸ் ஏறணும். அப்படிப்பட்ட ஊரில் நாம திட்டுறது ஒரு கப்பலோட பேரைச் சொல்லி!

எம்டன், ஜெர்மனியின் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. பயந்துபோன ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அதே வருஷம் நவம்பர் 9-ல் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் அடித்த அடியில் கோகோஸ் தீவுகள் பக்கம் எம்டன் சிதைந்துபோய்ப் பாறைத்திட்டில் தரைதட்டி நின்றது. கப்பல் போச்சு, பேர் மட்டும் தமிழில் தங்கிடுச்சு. மலையாளத்தில் அதுவே 'எமண்டன்' ஆச்சு.

ஆனா, பெரிய விபத்து எல்லாமே ஒரு சொல்லோடு நின்னுடாது. பாட்டாகவும் மாறும். டைட்டானிக்கையே எடுத்துக்கோங்க. 1912 ஏப்ரல் 15-ல் மூழ்கியது, சுமார் 1,500 பேர் இறந்தார்கள். நமக்குத் தெரிஞ்சது ஜாக், ரோஸ் காதல். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பாடினது வேற கதை. வில்லியம் - வெர்சி ஸ்மித் தம்பதி 1927-ல் பதிவு செய்த பாட்டில், பணக்காரங்க ஏழைகளோடு சேர்ந்து பயணம் செய்ய மறுக்க, ஏழைகளைக் கீழ்த்தளத்தில் தள்ளினதால முதலில் செத்தது அவங்கதான்னு வரும். கணக்கும் அதைத்தான் சொல்லுது: முதல் வகுப்பில் 100-க்கு 60 பேருக்கு மேல் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் சுமார் 25 பேர்தான்.

லெட்பெல்லி பாடியது இன்னும் காட்டம். குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் ஜான்சனை, கறுப்பர் என்பதால் கப்பலில் ஏற்ற மறுத்துட்டாங்களாம்! உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனா, கேட்டவங்களுக்குத் தினமும் நடந்தது அதுதானே? எனக்கு அந்தப் பொய் பிடிச்சிருக்கு.

நம்ம ஊர்லயும் இதே வேலையைச் சிந்துப் பாட்டுகள் செஞ்சுது. ரயில் விபத்து, வெள்ளம், கொலைன்னு எது நடந்தாலும் மலிவு விலைக் குஜிலிப் புத்தகமா அச்சாகி, சந்தையில பாடியே வித்தாங்க. அதையெல்லாம் தேடிப் படிச்சு ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதின புத்தகம் 'முச்சந்தி இலக்கியம்'. அச்சுக்கே வராத பாட்டுகளை அவராலும் தேட முடியாது. அவை இருக்கிற இடம் உங்க அப்பாயி, அம்மாயியோட தொண்டை.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க, அவங்ககிட்ட கேட்டுட்டு. பாட்டை மட்டும் பதிஞ்சுட்டு வந்துடாதீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, எப்போ பாடுவாங்க, அதுல வர்ற ஆள் யாருன்னும் கேளுங்க. ஒப்பாரின்னா சும்மா உக்காந்திருக்கிறப்போ பாட மாட்டேன்னு சொல்லலாம். அப்போ விட்டுடுங்க.