படம் தொடங்குமுன் திரையில் வரும் அந்த எழுத்து... இதெல்லாம் தெரியுமா?

யு, யுஏ, ஏ! விசில் சத்தத்தில் நாம் கவனிக்காமல் விட்டுவிடும் அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் நூறு வருடப் போராட்டம் இருக்கிறது!

வேங்கிக்காலுக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?
திங்கட்கிழமை மனுவோடு போகிறோமே, வேங்கிக்காலில் உள்ள அதே திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம்தான்! 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்டத்துத் தியேட்டர்களுக்கு உரிமம் தருபவர் ஆட்சியர். தியேட்டர்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்பது அந்த உரிமத்தைத்தான். தணிக்கை முடிந்த படத்தைக்கூட, அமைதி கெடும் என்று கருதினால், தன் மாவட்டத்தில் நிறுத்திவைக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு! 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை மாவட்டந்தோறும் 144 தடை உத்தரவு நிறுத்தியது. பிப்ரவரி 7-ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் அது திரைக்கு வந்தது.

முதல் தணிக்கை அதிகாரி யார், தெரியுமா?
போலீஸ்காரர்! 1918-இல் வெள்ளைக்காரர்கள் சினிமா சட்டம் கொண்டுவந்தார்கள். 1920-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் வந்தன. பொறுப்பு அந்தந்த நகரத்துப் போலீஸ் தலைமையிடம். அமெரிக்காவிலும் இதே கதைதான்: 1907-இல் சிகாகோவில் படம் காட்டப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருந்தது!

மகாபாரதத்து விதுரரையே தடை செய்தார்கள், தெரியுமா?
1921-இல் வந்த ‘பக்த விதுரர்’ மௌனப்படத்தில் விதுரர் காந்தியைப் போலவே தோன்றினார். அவ்வளவுதான், சென்னையிலும் கராச்சியிலும் தடை!

‘தியாகபூமி’யை இலவசமாகக் காட்டியது ஏன், தெரியுமா?
கல்கியின் கதை, கே. சுப்பிரமணியம் இயக்கம், வெளியீடு 1939. அப்போது சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை. அது பதவி விலகியதும் காற்று மாறியது. தேசிய உணர்வு ததும்பிய படத்துக்குத் தடை வந்தது. தடை நடைமுறைக்கு வருமுன் எல்லோரும் பார்த்துவிடட்டும் என்று கெயிட்டி தியேட்டரில் இலவசமாக ஓட்டினார்கள். கூட்டம் அலைமோதியது, போலீஸ் தடியடியே நடத்தியது!

முதல் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற தமிழ்ப்படம் எது, தெரியுமா?
எம்.ஜி.ஆரின் ‘மர்மயோகி’, 1951! காரணம் ஆபாசமல்ல, பேய்க் காட்சிகள்! ‘யு’, ‘ஏ’ என்ற பிரிவுகள் 1949 சட்டத் திருத்தத்தில்தான் வந்திருந்தன.

இண்டியானா ஜோன்ஸுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு தெரியுமா?
ஹாலிவுட் 1934 முதல் ‘ஹேஸ் விதிகள்’ என்ற தணிக்கை விதிகளைக் கறாராகப் பின்பற்றியது. 1968-இல் அந்த விதிகளை விட்டுவிட்டு வயதுத் தரப்பிரிவுகளுக்கு மாறியது. 1984-இல் ஸ்பீல்பெர்க்கின் இண்டியானா ஜோன்ஸ் படமான ‘டெம்பிள் ஆஃப் டூம்’ வந்தது. கதை நடப்பது இந்தியாவில். நம் அரசு திரைக்கதையில் மாற்றம் கேட்டதால் படப்பிடிப்பு நடந்ததோ இலங்கையில்! வில்லன் நம்முடைய அம்ரிஷ் பூரி. உயிரோடு இதயத்தைப் பிடுங்கும் காட்சியைக் கண்டு அமெரிக்கப் பெற்றோர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு ‘பிஜி-13’ என்ற புதிய தரப்பிரிவு பிறந்தது. 12 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்ற ‘யுஏ’வை நாம் 1983-லேயே கொண்டுவந்துவிட்டோம்!

உச்ச நீதிமன்றத்தைப் பேசவைத்த தமிழ்ப்படம் தெரியுமா?
‘ஒரே ஒரு கிராமத்திலே’! இட ஒதுக்கீட்டை விமர்சித்த அந்தப் படத்தின் ‘யு’ சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பித் தந்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குக் கருத்துரிமையைப் பலி கொடுக்க முடியாது, பாதுகாப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்தை ஏற்காதவரும் கொண்டாட வேண்டிய தீர்ப்பு இது. நாளை நமக்குப் பிடித்த படத்துக்குச் சிக்கல் வந்தாலும் இதே தீர்ப்புதானே துணைக்கு வரும்!

வாரியத்தின் பெயரே மாறியது தெரியுமா?
1983-இல் ‘தணிக்கை வாரியம்’ ‘சான்றிதழ் வாரியம்’ ஆனது. 2023 சட்டத் திருத்தம் ‘யுஏ’வை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது. பத்தாண்டுகளே செல்லும் என்றிருந்த சான்றிதழ் இனி என்றைக்கும் செல்லும்!

இன்னொரு வியப்பு தெரியுமா?
அமெரிக்கத் தரப்பிரிவுகளுக்குச் சட்ட பலம் கிடையாது. திரைத்துறை தானே வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. நம் ‘ஏ’ அப்படியல்ல, 18 வயது நிரம்பாதவரை உள்ளே விடுவது சட்டப்படி குற்றம். ‘யுஏ’வில் மட்டும் முடிவு பெற்றோர் கையில். கத்தரிக்கோல் பிடித்த போலீஸிலிருந்து பெற்றோர் வரை வந்து சேர நூறு வருடம் ஆகியிருக்கிறது! அரும்பாடுபட்டுக் கிடைத்த இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகளோடு போகும்போது டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். எந்தப் படத்தைக் காட்டலாம் என்று நீங்களே முடிவெடுங்கள்!