கரையோரத்து வீடுகள் – 7: பட்டி மறைக்கும் விரிசல்

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி பிளாக் ஒன்று காலையில் இடிந்து தரைமட்டமானது. 1993-ல் கட்டியது. 24 வீடுகளும் பொருள்களும் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. சுவரில் விட்ட விரிசலைப் பார்த்துப் பதறியவர்கள், இடியும் முன்பே எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள்.

அந்தப் பதற்றம் நம் வீட்டு விரிசலைப் பார்த்தால் ஏன் வருவதில்லை? ராயபுரம் முதல் எண்ணூர் வரை, கடன் வாங்கிப் புதுப்பித்த வீட்டில் சில மாதங்களிலேயே கோடு விழுந்தால், "பட்டி பார்த்து அடிச்சிடலாம்" என்பதுதான் முதல் பேச்சு. பட்டி கோட்டை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது.

இங்கே காரணம் பெரும்பாலும் உப்பு. கடற்காற்றிலும், கரிக்கும் போர் தண்ணீரில் குழைத்த கலவையிலும் உள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். சுவரில் வேரோடிய அரசங்கன்றுபோல உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பழைய தளங்கள் பலவற்றில் அதில் பாதிகூட இல்லை.

இன்னொரு காரணம், புதுப்பிக்கும்போது நாமே செய்வது. ராயபுரத்தின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தூண்கள் கிடையாது. மரக்கட்டைகளையும் மேல்தளத்தையும் சுவரே தாங்குகிறது. ஹால் பெரிதாக வேண்டும் என்று அதை உடைத்தால், அந்தப் பாரம் வேறெங்கே போகும்? பழைய அஸ்திவாரத்தின் மேல் ஒரு மாடியை ஏற்றினாலும் இதே ஆபத்துதான்.

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் வலைபோல் மெல்லிய கோடுகள் ஓடினால், பூச்சு காய்ந்து சுருங்கியது என்று பெரும்பாலும் விட்டுவிடலாம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் கோடும், செங்கல் வரிசையில் படிப்படியாக இறங்கும் கோடும் வேறு ரகம். சீலிங்கில் கம்பி போகும் வழியே நேர்கோடாக ஓடி, பழுப்புக் கறை படிந்து, தட்டினால் 'டொப்' என்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது.

சந்தேகம் இருந்தால், பெயின்டைச் சுரண்டிவிட்டு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது கூப்பிட வேண்டியது பெயின்டரை அல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை. விரிசல் நாளுக்கு நாள் அகலமானாலோ, கதவு திடீரென இறுகினாலோ, அவர் வரும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். வீட்டைவிட்டு வெளியே வாருங்கள், அக்கம்பக்கத்தையும் கூப்பிடுங்கள். அரிவாக்குளத்தில் அத்தனை பேரைக் காப்பாற்றியது அதுதான்.

(அடுத்த வாரம்: துருப்பிடித்த கம்பிக்கு வைத்தியம்)