அறுநூறு கஜ இலக்குக்கு ஏற்ற தோட்டா

துப்பாக்கி சுடும் போட்டியில் புதிதாக ஈடுபடுவோர், எந்தத் தோட்டா மிகுந்த வலிமை வாய்ந்தது என்றே பெரும்பாலும் முதலில் வினவுகின்றனர். காகித அட்டையைத் துளைக்க வலிமை தேவையில்லை. குண்டு காற்றினால் எவ்வளவு விலகுகிறது, சுடுபவரின் தோளை எவ்வளவு உதைக்கிறது என்னும் இரண்டுமே அங்கு முக்கியமானவை. இவ்விரண்டையும் பள்ளிப் பௌதிகத்தைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

அமெரிக்காவில் நடுத்தரத் தூரப் போட்டிகள் 300, 500, 600 கஜங்களில் நடைபெறுகின்றன. 600 கஜம் என்பது ஏறத்தாழ 549 மீட்டர். அத்தூரத்திற்கான அட்டையில் பத்து எண் பெறும் வட்டத்தின் குறுக்களவு 12 அங்குலம். ஒன்பது எண் வட்டம் 18 அங்குலம். ஆகவே மையத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் விலகிய குண்டு பத்தை இழக்கிறது. 23 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் ஒன்பதையும் இழக்கிறது.

குண்டு எவ்வளவு நேரம் பறக்கிறதோ அவ்வளவு நேரமும் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிச் செல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறாயின் அறுநூறு கஜத்தில் விலக்கம் பன்மடங்காக இருக்க வேண்டும். உண்மையான விதி வேறு. வெற்றிடத்தில் குண்டு இலக்கை அடைய ஆகும் நேரத்தைக் காட்டிலும், காற்றின் தடையால் எவ்வளவு தாமதமாகிறதோ அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலக்கம் கிடைக்கும். தடையே இல்லாவிடில் தாமதமும் இல்லை, விலக்கமும் இல்லை. எனவே குழலிலிருந்து வெளிப்படும்போது குண்டு கொண்டுள்ள வேகத்தைவிட, அவ்வேகத்தை அது வழியில் எவ்வளவு காத்துக்கொள்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

.223 ரெமிங்டன் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதில் வழக்கமாக அமைந்த 55 கிரெயின், அதாவது 3.6 கிராம் எடையுள்ள குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. வெற்றிடத்தில் அது 0.55 விநாடியில் இலக்கை எட்டும்; காற்றில் ஏறத்தாழ 0.85 விநாடி ஆகிறது. தாமதம் 0.3 விநாடி. சுடுபவர் குறுக்குக் காற்றை விநாடிக்கு ஒரு மீட்டர் தவறாக மதிப்பிட்டால் குண்டு 30 சென்டிமீட்டர் விலகி, எட்டு எண் வட்டத்தின் ஓரத்திற்குப் போய்விடும். அதே கூட்டில் 80 கிரெயின் எடையுள்ள நீண்ட, கூரிய குண்டை அமைத்தால் புறப்படும் வேகம் 820 மீட்டராகக் குறைகிறது. எனினும் அதுவும் ஏறத்தாழ 0.85 விநாடியிலேயே இலக்கை அடைகிறது! தாமதம் 0.19 விநாடி மட்டுமே. அதே தவறு இங்கு 19 சென்டிமீட்டர் விலக்கமாகி ஒன்பதோடு நின்றுவிடுகிறது.

பெரிய தோட்டாவான .308 வின்செஸ்டர், 168 கிரெயின் குண்டுடன், விநாடிக்குச் சுமார் 810 மீட்டர் வேகத்தில் சுடப்படும்போது அதன் தாமதமும் ஏறத்தாழ 0.19 விநாடியே ஆகும். இரண்டிற்கும் காற்றில் வேற்றுமை இல்லை என்றே சொல்லலாம்.

இவ்வுண்மையை ஒஹையோ மாநிலத்துக் காம்ப் பெரி மைதானத்துப் போட்டியாளர்கள் 1990-களில் அனுபவத்தில் கண்டனர். படைத்துறை ரைபிள்களுக்கான போட்டியில் அதுவரை 7.62 மி.மீ. தோட்டாவைச் சுடும் எம்-14 வகையே முதன்மை பெற்றிருந்தது. சிறு குண்டு அறுநூறு கஜத்திற்கு உதவாது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. பழைய குழல்களைப் பொறுத்தவரை அது தவறன்று. அவற்றின் உட்புரி 12 அங்குலத்திற்கு ஒரு சுற்றுச் சுற்றியது. நீண்ட குண்டை நிலையாகச் சுழற்ற அது போதாது. 7 அல்லது 8 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்ற குழல்கள் வந்த பின்னரே 80 கிரெயின் குண்டு பயன்பட்டது. அக்குண்டு அமைந்த தோட்டா நீளம் மிகுந்து மாகஸினுக்குள் அடங்காது. ஒவ்வொன்றாகக் கையால் இட்டுச் சுட வேண்டும். அறுநூறு கஜத்தில் நிதானமாகச் சுடுவதே முறையாதலால் இது குறையாகவில்லை. சில ஆண்டுகளில் சிறு தோட்டாவே அப்போட்டியில் மேலோங்கியது. ஆகவே, .223 வாங்க விரும்புவோர் தோட்டாவின் பெயரைப் பார்ப்பதற்கு முன் குழலின் புரியளவைப் பார்ப்பது நலம். 5.56 மி.மீ. படைத்துறைத் தோட்டா உருவில் இதை ஒத்திருப்பினும், .223-க்கெனக் கடைந்த அறையில் அதை இட்டுச் சுடுதல் ஆகாது. அழுத்தம் வரம்பு மீறக்கூடும்.

இனி உதைப்பு. குண்டும் வெடிமருந்து வாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தத்திற்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. 5 கிலோகிராம் எடையுள்ள ரைபிளில் .308 தோட்டா ஏறத்தாழ 14 ஜூல் ஆற்றலைத் தோளில் செலுத்துகிறது; .223 செலுத்துவது 4 ஜூலுக்கும் குறைவு. உந்தம் பாதியானால் ஆற்றல் கால் பங்காவது இயல்பே. ஒரு நாளில் அறுபது முறை, எண்பது முறை சுடும் பழக்கத்தில் இந்த வேற்றுமை பெரிது. வரப்போகும் உதையை எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்திலேயே கண்ணை மூடித் தோளைச் சுருக்கும் வழக்கம் புதியவர்களிடம் எளிதில் வேரூன்றுகிறது. அதனால் நேரும் பிழை காற்றினால் நேரும் பிழையைக் காட்டிலும் பெரிதாக இருப்பதுண்டு. எந்த அட்டவணையும் அதைத் திருத்தாது.

2007-இல் வெளிவந்த 6.5 க்ரீட்மூர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் 140 கிரெயின் குண்டின் தாமதம் 0.13 விநாடியளவே. மேற்கூறிய ஒரு மீட்டர் தவறை அது பத்து எண் வட்டத்திற்குள்ளேயே அடக்கிவிடும். இது மறுக்கவியலாத மேன்மை. ஆயினும் உதைப்பு .223-ஐப் போல இருமடங்கிற்கு மேல், குழலும்.308-ஐவிட விரைவில் தேய்கிறது. காற்றைக் கணிக்கக் கற்றுக்கொண்டவர் இரண்டாவது ரைபிளாக அதை வாங்குதல் பொருத்தம். கற்கும் காலத்தில், தவறு அட்டையில் தெளிவாகத் தெரிவதும் ஒருவகை நன்மையே.

இந்தியாவில் தேர்வு இவ்வளவு தாராளமானதன்று. .303, 7.62 மி.மீ. போன்ற படைத்துறை அளவுகள் சாதாரண உரிமத்திற்குள் வருவன அல்ல. தேசிய மாணவர் படை வாயிலாகப் பயிற்சி பெறுவோருக்கு .22 ரைபிளே முதல் ஆசான். அதிலும் இதே விதியைக் காணலாம். போட்டிக்கெனச் செய்த .22 தோட்டா, ஒலியின் வேகத்திற்குச் சற்றுக் குறைவாக, விநாடிக்கு 320 மீட்டர் அளவில் சுடப்படுகிறது. அதைவிட வேகமான 380 மீட்டர் வகையும் கிடைக்கிறது. ஒலியின் வேகத்தைக் கடக்குமிடத்தில் காற்றுத்தடை திடீரென மிகுவதால், வேகமான குண்டே கூடுதலாகத் தாமதித்துக் கூடுதலாக விலகுகிறது. காற்று வீசும் ஒரு பிற்பகலில், உரிய மேற்பார்வையுடன், இரு வகையிலும் பத்துப் பத்துத் தோட்டாக்களை நூறு கஜத்தில் மாறிமாறிச் சுட்டு, இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தால் மாணவர்கள் இதைத் தாமே அளந்துகொள்வர்.