படிப்புக் கடன் யாருடையது?

ஸ்வீடனில் சொந்த நாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணமே கிடையாது. இருந்தும் மிகப் பலர் கடனோடுதான் பட்டம் வாங்குகிறார்கள். வாடகையும் சாப்பாடும்தான் காரணம். பள்ளி முடிந்ததும் தனியே குடிபோவது அங்கே இயல்பு. அதற்காக அப்பாவிடம் கை நீட்டுவதைவிட, தன் பெயரில் அரசிடம் கடன் வாங்குவதையே இளைஞர்கள் கௌரவமாக நினைக்கிறார்கள். பல்கலைக்கழக மாணவருக்கு உதவித்தொகையும் கடனும் வழங்கும் 'சிஎஸ்என்' அமைப்பு, பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நம் ஊர் வங்கியில் நிலைமை வேறு. கல்விக் கடன் பத்திரத்தில் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். தொகை பெரிதானால் வீட்டுப் பத்திரமும் ஈடாகப் போகும். அதனால் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைக்குத் தவணையோடு, அம்மா அடகு வைத்த வளையலும் நினைவுக்கு வருகிறது. கடன் ஒருவர் பெயரில் இருந்தாலும் பாரம் வீட்டுக்கே பொதுவானது.

ஜெர்மனியில் பிள்ளையின் முதல் தொழிற்படிப்பு முடியும்வரை தாங்குவது பெற்றோரின் சட்டக் கடமை. மறுத்தால் பிள்ளை நீதிமன்றம் போகலாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு 1971 முதல் 'பாஃபெக்' உதவி இருக்கிறது. பல்கலைக்கழக மாணவருக்கு அதில் பொதுவாகப் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன்.

இங்கிலாந்தில் சிக்கல் வட்டியில் இருக்கிறது. 2012-இல் கட்டணம் 9,000 பவுண்டு வரை உயர்ந்தது. அரசுக் கடனுக்கான வட்டியும் பணவீக்கத்தைத் தாண்டியது. வட்டியை மார்க்கம் தடுத்திருப்பதாகக் கருதும் முஸ்லிம் மாணவர்கள் தவித்தார்கள். சிலர் உறவினரிடம் திரட்டினார்கள், சிலர் வேலை பார்த்துச் சேர்த்தார்கள், சிலர் படிப்பையே கைவிட்டார்கள். மாணவர்கள் திருப்பித் தரும் பணம் பொது நிதியில் சேர்ந்து அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் 'தகாஃபுல்' முறையை 2014-இல் அரசு ஏற்றது. 2017-இல் சட்டமும் வழிவிட்டது. பிறகும் ஆண்டுக்கணக்கில் திட்டம் இழுத்தடிக்கப்பட்டது. நம்பிக்கைக்காக ஒரு பிள்ளை கல்லூரியை இழப்பது அரசின் தோல்வி. அதில் மாணவரின் பிடிவாதம் எதுவும் இல்லை.

இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் கட்டுகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். குடும்பமே சேர்ந்து திரட்டிய பணத்தை அந்தப் பிள்ளை தனி ஆளாக நிர்வகிக்க வேண்டும்.

வீட்டுப் பணக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைப்பது நம் பெற்றோரின் பாசம். ஆனால் இந்தியக் கல்விக் கடனில் படிக்கும் காலத்துக்கும் வட்டி உண்டு. கையெழுத்திடும் முன், மாதத் தவணை எவ்வளவு வரும் என்று பிள்ளையையும் உட்காரவைத்துக் கணக்குப் பாருங்கள்.