நட்ட முடி உதிரும்போது

முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர், நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் ஒருமுறையேனும் கலக்கத்துடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்துவிடுகிறார்கள். தலையணையிலும் குளியலறையிலும் பொறுக்கிய முடிகளை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வருபவர்களும் உண்டு. "நட்டதெல்லாம் கொட்டிவிட்டது, டாக்டர்" என்று பேச்சைத் தொடங்குவார்கள். உடன் வரும் தாயாரோ மனைவியோ அவர்களைவிடக் கூடுதலாகக் கலங்கியிருப்பார். கடன் வாங்கிச் செய்துகொண்ட சிகிச்சையாக இருந்தால், அந்தக் கலக்கத்தை எளிதில் ஆற்ற முடியாது.

உதிர்ந்தது முடி, மயிர்க்கால் அன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கினால் அச்சத்தில் பாதி குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் முடியில் உயிரில்லை. அதை உருவாக்கும் மயிர்க்காலே தோலுக்கடியில் உயிரோடிருக்கும் உறுப்பு. பின்மண்டையிலிருந்து எடுக்கப்படும் மயிர்க்கால், புதிய இடத்தில் நடப்படும்வரை சில மணி நேரம் இரத்த ஓட்டமின்றி இருக்கிறது. அந்த அதிர்ச்சியில் அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு ஓய்வு நிலைக்குச் செல்கிறது. தான் தாங்கியிருந்த முடியையும் விட்டுவிடுகிறது. இவ்வோய்வு ஏறத்தாழ 3 மாதங்கள் நீடிக்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு தானே முளைப்பதை வீட்டிலுள்ள பெண்கள் அறிவார்கள். டெங்கு, டைஃபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் இதுவே நிகழ்கிறது. மூன்றுக்கும் அடிப்படைச் செயல்முறை ஒன்றுதான்.

நம் மாவட்டத்து உழவர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிதாக இருக்கிறது. நாற்றைப் பிடுங்கி நட்டவுடன் பயிர் சில நாட்கள் வெளிறிச் சோர்ந்து நிற்கும். வேர் பிடித்த பிறகே பச்சை பிடிக்கும். தலையில் நட்டதற்கும் அவ்வாறே ஓர் இடைவெளி தேவை. ஒரே வேறுபாடு, இங்கு நாட்கணக்கு போதாது, மாதக்கணக்கு வேண்டும்.

காகிதத்தில் கொண்டுவரும் முடியின் நுனியில் வெள்ளையாகச் சிறு குமிழ் ஒன்று தெரியும். அதை வேர் என்று எண்ணியே பலர் அஞ்சுகிறார்கள். அது வேரன்று, ஓய்வு நிலைக்குச் சென்ற முடியின் அடிமுனை, கெரட்டின் என்னும் புரதத்தாலான முடிச்சு. இயல்பாக நாளொன்றுக்கு உதிரும் 50 முதல் 100 முடிகளிலும் இக்குமிழைக் காணலாம். மயிர்க்காலே பிடுங்கப்பட்டிருந்தால் அடையாளம் வேறு: அது பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் நேரும், அவ்விடத்தில் இரத்தம் கசியும், முடியின் அடியில் சதை போன்ற சிறு துணுக்கு ஒட்டியிருக்கும். இரத்தமின்றி ஆறாம் வாரத்தில் உதிரும் முடிக்காக அழவேண்டியதில்லை.

நட்ட மயிர்க்கால் பிற்காலத்தில் வழுக்கைக்கு இரையாகாதா என்பது அடுத்த கேள்வி. ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒகுதா 1939-இல் தீக்காயத் தழும்புகளில் முடியை நட்டு வெளியிட்ட ஆய்வு, போர்க்காலத்தில் உலகின் கண்ணில் படாமல் போயிற்று. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் இதைத் தனியாகச் செய்து பார்த்து, 1959-இல் ஒரு கருத்தை நிலைநாட்டினார்: மயிர்க்கால் தான் பிறந்த இடத்தின் இயல்பையே நட்ட இடத்திலும் காட்டும். பின்மண்டை முடி ஆண் ஹார்மோனின் தாக்கத்துக்கு எளிதில் பணியாது. ஆகவே முன்னெற்றியில் நட்டாலும் பெரும்பாலும் நீடித்து நிற்கிறது. இன்றுவரை இச்சிகிச்சை முழுவதும் இக்கருத்தின்மேல்தான் நிற்கிறது.

முதல் 10 நாட்கள்

கவலைப்படாத நாட்களில்தான் கவனம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. நட்ட மயிர்க்கால்கள் உறுதியாகப் பற்றிக்கொள்ள ஏறத்தாழ 10 நாட்கள் ஆகும். அதுவரை தேய்த்தல், சொறிதல், கவிழ்ந்து படுத்தல் ஆகியவை கூடா. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைவரை இறங்கலாம். பார்க்க அச்சமூட்டினாலும் அது தலையில் செலுத்திய திரவம் கீழிறங்குவதேயாகும். ஒரு வாரத்தில் வடிந்துவிடும். தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பது உதவும். தலையை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, சொன்ன முறையில், குவளையால் மெல்ல நீரூற்றிக் கழுவவேண்டும். பொருக்குகள் இரண்டு வாரத்துக்குள் தாமாக உதிரும், நகத்தால் பெயர்க்கலாகாது.

தலைக்கவசம் பற்றிய கேள்வி ஜி.எஸ்.டி. சாலையில் நாள்தோறும் வண்டியோட்டும் நம்மவர்களுக்கு முக்கியமானது. இறுக்கமான கவசம் நட்ட இடத்தைத் தேய்க்கும். கவசமின்றி ஓட்டுவதோ உயிருக்கே கேடு. எனவே முதல் இரண்டு வாரங்கள் இருசக்கர வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மின்தொடர்வண்டியிலோ பேருந்திலோ செல்லுங்கள். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளில் பாதுகாப்புக் கவசம் அணிந்து பணிபுரிவோர் அந்நாட்களுக்கு விடுப்போ மாற்றுப்பணியோ முன்கூட்டியே கேட்டுப் பெறுதல் நல்லது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் உளி பிடிப்போருக்குக் கல்தூளும் வெயிலும் வியர்வையும் ஒன்றுசேர்ந்த தொல்லை உண்டு. பொருக்கு முற்றிலும் நீங்கும்வரை பட்டறைக்குச் செல்லாதிருப்பதே சிறந்தது. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கடலில் இறங்குவதை ஒரு மாதமாவது ஒத்திவையுங்கள். கத்திரி வெயில் நாட்களில் சிகிச்சை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதித்த பின் தளர்வான தொப்பியோ குடையோ இன்றி வெளியே செல்லவேண்டாம்.

கைவைத்தியம் குறித்தும் ஒரு சொல். சின்ன வெங்காயச் சாறும் பூண்டும் தேய்த்துத் தோல் வெந்து வருபவர்கள் இருக்கிறார்கள். ஆறாத புண்ணில் இவை தீங்கு செய்யும். எண்ணெயும் சீயக்காயும் மருத்துவர் சொன்ன பின்னரே. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரால் முடி போயிற்று என்று கடலோரத்தார் பலர் நம்புகிறார்கள். உப்புநீர் முடியைச் சொரசொரப்பாக்கும், ஆனால் பரம்பரை வழுக்கையை உண்டாக்காது. புகைப்பழக்கம் உண்மையாகவே தீங்கானது. அது தோலின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து நட்டதைப் பட்டுப்போகச் செய்யும்.

காத்திருக்கும் மாதங்கள்

இரண்டாம், மூன்றாம் மாதங்களில் தலை சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட மோசமாகவே தெரியலாம். நட்டது உதிர்ந்திருக்கும், அதைச் சுற்றியிருந்த பழைய முடியிலும் ஒரு பகுதி அதே அதிர்ச்சியில் உதிர்ந்திருக்கலாம். பழைய முடியில் பெரும்பகுதி சில மாதங்களில் திரும்பிவிடும். மூன்று, நான்காம் மாதங்களில் மெல்லிய, சற்றுச் சுருண்ட முடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். அப்போது சிறு பருக்கள் தோன்றுவதுண்டு. புதுமுடி தோலைத் துளைத்து வரும் முயற்சி அது. ஓரிரண்டு என்றால் பொறுக்கலாம். பல தோன்றி வலித்தால் காட்டவேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால் ஆறாம் மாதத்தில்தான் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும். முன்பகுதியை ஓராண்டு முடிந்தே மதிப்பிடவேண்டும். உச்சிக்கு 18 மாதங்கள்வரை ஆகலாம். நாள்தோறும் கண்ணாடி பார்ப்பதை விட்டு, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இக்காத்திருப்புக் காலத்தில்தான் பலர் இரண்டாம் முறை பணத்தை இழக்கிறார்கள். உதிர்வைக் கண்டு அஞ்சியவரிடம் ஊசித் தொடர்களையும் விலையுயர்ந்த எண்ணெய்களையும் விற்பது எளிது. எவ்வாறாயினும் நான்காம் மாதத்தில் முடி முளைக்கும். புகழ் அந்த எண்ணெய்க்குப் போகும்! பி.ஆர்.பி. எனப்படும் இரத்தத்தட்டு ஊசியால் சிலருக்குப் பயன் இருக்கலாம். ஆனால் ஆறாம் வார அச்சத்தில் அதற்குப் பணம் கட்டவேண்டாம் என்பதே என் கருத்து.

மெய்யாகக் கவலைப்படவேண்டிய செய்தி வேறொன்று. சிகிச்சை புதிய முடியை உருவாக்குவதில்லை; இருப்பதை இடம் மாற்றுகிறது. நடாத பழைய முடியில் வழுக்கை தொடர்ந்து முன்னேறும். அதைத் தடுக்கவே மினாக்சிடிலும், ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடும் பரிந்துரைக்கப்படுகின்றன. மினாக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் சிறிது உதிர்வு கூடலாம்; அஞ்சி நிறுத்தவேண்டாம். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுணர்வுக் குறைவையும் மனச்சோர்வையும் உண்டாக்கக்கூடும். நேர்ந்தால் கூச்சமின்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடலாகாது. அதை உட்கொள்ளும்போதும், நிறுத்திய பின் ஒரு மாதம்வரையும் இரத்ததானம் செய்யலாகாது. புராஸ்டேட் பரிசோதனைக்கான பி.எஸ்.ஏ. அளவை அது பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், அப்பரிசோதனைக்கு முன் இம்மருந்தைப் பற்றித் தெரிவிக்கவேண்டும்.

உடனே வரவேண்டிய நிலைமைகள் இவை: 15 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தக்கசிவு, காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் ஏறும் வலி, நட்ட இடத்தில் தோல் கருத்துப்போதல். கடைசியாகச் சொன்னது தோல் இறந்துபடுவதன் அடையாளமாக இருக்கலாம், இரவானாலும் காத்திருக்கவேண்டாம். மரத்துப்போன உணர்வு மட்டும் என்றால் அது சில மாதங்களில் மெல்லத் திரும்பும்.

இன்னும் சிகிச்சை செய்துகொள்ளாத உறவினர்களுக்கும் சில சொற்கள். 2016-இல் சென்னையிலுள்ள ஒரு மையத்தில் இச்சிகிச்சைக்குச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கலாம். இது அழகு நிலைய வேலையன்று. அதிக அளவில் மரப்பு மருந்து செலுத்தப்படும் அறுவை சிகிச்சை. நாக்கு மரத்தல், காதிரைச்சல், தலைச்சுற்றல் ஆகியவை அம்மருந்து இரத்தத்தில் மிகுவதன் தொடக்க அறிகுறிகள்; சிகிச்சையின் நடுவே அவற்றை உணர்ந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லவேண்டும். காணொளியும் பயிலரங்கும் பார்த்துக் கற்றவர்கள் இதைச் செய்யலாகாது, முறையான பயிற்சி பெற்ற மருத்துவரே செய்யவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. செய்பவர் யார், அவருடைய பட்டம் என்ன, அவசர நிலையைக் கையாளும் வசதி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை.

திருமணத்தை முன்னிட்டு வருவோர் நாட்காட்டியை ஒருமுறை பார்க்கட்டும். தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியில் சிகிச்சை செய்துகொண்டால், மிக மெலிந்து தெரியும் மூன்றாம் மாதத்தில் மணமேடை ஏறவேண்டியிருக்கும். பத்து, பன்னிரண்டு மாதங்கள் முன்னதாகவே வாருங்கள்.

மொட்டை வேண்டுதல் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். திருப்போரூரிலோ திருப்பதியிலோ முடி காணிக்கை செலுத்தினால் நட்டது போய்விடுமா? போகாது. சவரக்கத்தி தோலுக்கு மேலுள்ளதை மட்டுமே எடுக்கிறது. மயிர்க்கால் அப்படியே இருக்கும். எனினும் நட்ட தோல் நன்றாக ஆறியிருக்கவேண்டும் என்பதால் ஓராண்டு கழித்துச் செலுத்தும்படியே நான் சொல்கிறேன். பின்மண்டையில் தோலைப் பட்டையாக வெட்டியெடுத்த முறையில் செய்துகொண்டவர்களுக்கு மொட்டையில் ஒரு கோடு தெரியும். ஒவ்வொன்றாக எடுத்த முறையென்றால் சிறு வெண்புள்ளிகள் தெரியலாம். வேண்டுதல் உள்ளவர்கள் அதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், முறையைத் தேர்வு செய்யும்போது அதையும் கணக்கில் கொள்ளலாம்.