டிவி பெட்டி ஏன் கறுப்பானது?

ஒரு மின்சாதனத்தின் நிறம் பெரும்பாலும் அது எதனால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது. வால்வு ரேடியோ காலத்தில் பெட்டி மரம். மேலே வார்னிஷ், ஸ்பீக்கருக்கு முன்னால் துணித்திரை. பேக்கலைட்டில் வந்த ரேடியோக்கள் பெரும்பாலும் பழுப்பு அல்லது கறுப்பு. 1907இல் லியோ பேக்லேண்ட் உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக் வெளிச்சம் படப்பட மேலும் கருக்கும். அதனால் வெளிர்நிறம் அதில் நிலைக்காது.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் டிவியும் ஒரு மரச்சாமானாகவே கூடத்துக்குள் வந்தது. நான்கு கால், பக்கவாட்டில் இழுத்து மூடும் ஷட்டர், சிலவற்றில் பூட்டும் உண்டு. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்த பிறகு, அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் மெல்ல மெல்ல மரத்தின் இடத்தைப் பிடித்தன. எடையும் குறைந்தது, செலவும் குறைந்தது.

அதோடு கறுப்பு நிலைபெற்றது. திரையைச் சுற்றியுள்ள சட்டம் அறை வெளிச்சத்தைத் திருப்பி வீசினால் கண் கூசும், படம் வெளிறித் தெரியும். கறுப்புச் சட்டம் வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு காரணம், நிறத்துக்காகக் கலக்கும் கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தடுத்துப் பிளாஸ்டிக்கைக் காப்பது. வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு அந்தக் காப்பு இல்லாததால் சில வருடங்களில் பழைய காகிதம் போல மஞ்சளிக்கிறது.

2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே 14 அங்குலப் பெட்டி; நிறம் பார்த்து எடுக்கும் பேச்சே இல்லை. திருநாவலூர் போன்ற சிற்றூர்களிலும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் பல வீடுகளில் வண்ணப் படம் தெரிந்த முதல் பெட்டி அதுதான்.

கடைகளில் அப்போது வெள்ளிநிறப் பெட்டிகள் மலிந்திருந்தன. பிளாஸ்டிக் மேல் அடித்த வெள்ளிப் பெயின்ட் விரல் படும் பொத்தான்களைச் சுற்றி முதலில் தேயும். அடியிலுள்ள நிறம் வட்டமாக எட்டிப் பார்க்கும். அதே 2006இல் சாம்சங்கின் போர்டோ டிவி வரிசை கண்ணாடி போன்ற பளபளப்புக் கறுப்பைப் பரப்பியது. கடையில் கண்ணைப் பறிக்கும் அந்தப் பளபளப்பில் வீட்டுக்கு வந்ததும் கைரேகை தெரியும், தூசி ஒட்டும். முந்தானையால் ஒரு தடவை வறட்டுத் துடைப்புத் துடைத்தால் மயிரிழைக் கீறல்கள் விழும். இன்றைய டிவியில் சட்டமே நூலாக மெலிந்துவிட்டதால் நிறப் பேச்சு ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் இடம் மாறியிருக்கிறது.

முன்பு ஃபிரிட்ஜ் என்றாலே வெள்ளை. இப்போது ஒயின் சிவப்பு, நீலம், கதவு முழுக்கப் பூ. தகட்டை மடிப்பதற்கு முன்பே நிறம் பூசிவிடுகிறார்கள்; பூ வேலைப்பாடு, அச்சிட்ட படலமாகத் தகட்டின் மேல் ஒட்டப்படுகிறது. பல மாடல்களில் பூ கதவோடு நின்றுவிடும், பக்கத் தகடு வெறும் நிறம்தான். விலை கூடினால் கதவுக்கு மேல் கண்ணாடி வரும்: சாயம் போகாது, ஆனால் ஓர் அடி பட்டால் விரிசல்.

அடுத்து வந்தது பளபளப்பில்லாத மேட். இதில் இரண்டு வகை உண்டு. அச்சிலேயே பொடிச் சொரசொரப்பு வார்த்தது ஒரு வகை. அது கீறலை மறைக்கும், நாள்படவும் உழைக்கும். ரப்பர் போன்ற மென்பூச்சு மற்றொரு வகை. வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து, சில வருடங்களில் கையில் பிசுபிசுவென ஒட்டும். பழைய ரிமோட்டுகளில் இதைப் பார்க்கலாம்.

சாலைப் புழுதி வரும் வீட்டுக்கும் தாளிப்புப் புகை படியும் அடுப்படிக்கும் சாம்பல் போன்ற நடுத்தர நிறமும் பொடிச் சொரசொரப்பும் தோதானவை. வாங்குமுன் கதவை மட்டும் பார்க்காமல் பக்கத் தகட்டையும் பார்ப்பது நல்லது. மேற்பரப்பில் விரலை அழுத்தி எடுத்தால் ரேகை பதிகிறதா என்பதும் கடையிலேயே தெரிந்துவிடும்.