மணவறையில் சாதி: ராஜஸ்தான் பெண்களை முன்வைத்து

ராஜஸ்தான் என்றதும் கோட்டை, ஒட்டகம், முக்காடிட்ட பெண் என்று ஒரு சுற்றுலாச் சுவரொட்டிதான் நம் கண்முன் வருகிறது. அதோடு டோலா–மாரு காதல் கதையும் சேர்ந்துகொள்ளும். பூகல் நாட்டு மாருவை நரவர் இளவரசன் டோலாவுக்குக் கட்டிவைத்தபோது இருவருமே குழந்தைகள். வளர்ந்ததும் அவன் அவளை மறந்து வேறொருத்தியை மணக்கிறான். பாட்டுப் பாடி அவள் துயரத்தை அவனிடம் கொண்டுசேர்ப்பவர்கள், ஊருக்குப் பாடிப் பிழைத்த டாடிகள். அந்த மண் கொண்டாடும் காதல் கதையே ஒரு குழந்தை மணத்தில் தொடங்குகிறது என்பதைக் கேட்பவர்கள் யோசிப்பதில்லை.

இதை யோசிக்க நமக்குக் கற்றுத் தந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில், அகமணமே சாதியின் உயிர்நாடி என்றார். கணவனை இழந்த பெண் சாதிக்கு வெளியே மணந்துவிட்டால் வேலி உடையும். ஆகவே அவளை எரித்தார்கள், அல்லது ஆயுளுக்கும் கைம்பெண்ணாக்கினார்கள். மனைவியை இழந்த ஆணை எரிக்க மனம் வருமா? பருவமடையாத சிறுமியை அவனுக்குக் கட்டிவைத்தார்கள். நாம் தனித்தனிக் கொடுமைகளாகப் பார்த்த மூன்றும் ஒரே வேலியின் கம்பிகள் என்று 25 வயதில் அவர் கண்டார்.

ராஜஸ்தானில் அந்த வேலி நம் காலம் வரை நின்றது. 1987 செப்டம்பர் 4 அன்று தேவ்ராலா கிராமத்தில் 18 வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தாள். அதை ராஜபுத்திரப் பெருமை என்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு கொண்டாடினார்கள். 1929இன் குழந்தை மணத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சார்தாவும் அஜ்மீர்க்காரர்தான். ஆனாலும் அட்சய திருதியையான ஆகா தீஜ் நாளில் சிறார் மணங்கள் தொடர்ந்தன.

ஒடுக்கப்பட்ட சாதிகள் பலவற்றில் ‘நாதா’ என்றொரு வழக்கம் உண்டு. விதவையோ பிரிந்தவளோ சடங்கில்லாமல் இன்னொருவனோடு வாழலாம். உடன்கட்டையோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலைதான். ஆனால் நம்மவர் வழக்கம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். புதியவன் பழைய கணவன் வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். தொகையைப் பஞ்சாயத்து ஆண்கள் பேசி முடிக்கிறார்கள். பல நேரங்களில் அந்தப் பெண்ணை யாரும் கேட்பதே இல்லை.

இனி பன்வாரி தேவிக்கு வருவோம். ஜெய்ப்பூர் மாவட்டம் பதேரியில் வாழ்ந்த குயவர் சாதிப் பெண். தானே சிறுவயதில் மணம் செய்துவைக்கப்பட்டவர். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’, அதாவது தோழி என்ற பெயரில் ஊழியராக இருந்தார். 1992இல் ஒரு குஜ்ஜர் வீட்டில் ஒன்பது மாதக் குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்கப் போனார். போலீசும் வந்து போனது, திருமணம் நடந்தேறியது. ஊர் அவரை ஒதுக்கியது. செப்டம்பர் 22 அன்று வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது கணவன் கண்ணெதிரே தன்னைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். 1995 நவம்பரில் கீழமை நீதிமன்றம் ஐவரையும் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வெவ்வேறு சாதி ஆண்கள், அதுவும் வயதில் மூத்தவர்கள், ஒன்றுகூடி இப்படிச் செய்வார்களா என்பதே அங்கே சந்தேகமானது. அகமணத்தின் தர்க்கம் நீதிமன்றத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் அரசு வேலையைச் செய்ததற்காகவே தாக்கப்பட்டார். காப்பது யார் பொறுப்பு என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13இல் விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பிறந்தது. இன்று நம் கல்லூரிகளில் இயங்கும் புகார்க் குழுக்கள் அந்த மண்பாண்டத் தொழில் சாதிப் பெண்ணிடமிருந்து வந்தவை. அவருடைய சொந்த வழக்கோ, 15 ஆண்டுகள் கடந்த 2007 வரை மேல்முறையீட்டில் ஒரே ஒருமுறைதான் விசாரணைக்கு வந்தது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் இறந்துபோயிருந்தார்கள்.